டிக்கியில் முழங்கும் பேஸ் ஓட்டுநர் இருக்கைக்கு வந்து சேர: செடான் கார்களுக்கான முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டு வீடொன்றில் திருமணம் நடக்கும்போது முற்றத்தைச் சுற்றிய வளவில் தவில் முழங்கினால், வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டில் சமையல் வேலையில் இருப்பவர்களுக்கு, விரல்களில் கூடு மாட்டி வாசிக்கும் வலந்தலையின் நுணுக்கமான சொற்கள் ஏறத்தாழ மறைந்துவிடும். கோலால் அடிக்கும் தொப்பியின் கனத்த ஒலி மட்டும் தூண், சுவர், நிலை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு வந்து சேரும். பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் பெரிது என்பதே இதற்குக் காரணம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது; ஆகவே 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8.75 மீட்டர், அதாவது ஒரு செடான் காரின் நீளத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

அப்படியானால் டிக்கியில் பெட்டிக்குள் பொருத்தி வைத்த சப்வூஃபரின், அதாவது தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரின், ஒலிக்கு ஒரு பின்னிருக்கை எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் டிக்கியைத் திறந்துவைத்துப் பின்னால் நின்றால் நெஞ்சை அதிரவைக்கும் அதே பெட்டி, மூடிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் வந்து அமர்ந்தால் அடுத்த தெருவில் கேட்கும் ஒலியைப்போல் மெலிந்துபோவதை செடான் வைத்திருக்கும் பலரும் அனுபவித்திருப்பார்கள். நானும் அனுபவித்தேன், எல்லோரும் செய்வதைப்போலவே, வாட் போதவில்லை என்று முடிவுகட்டிப் பெரிய ஆம்ப்ளிஃபையராக மாற்றினேன். பணம் போனது, பேஸ் வரவில்லை. வாட்டை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை. அதைவிட முக்கியமாக, இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் வாட்டைக் கூட்டினால் இரண்டு அலைகளும் ஒரே அளவில் கூடும். அழிவு அப்படியே இருக்கும். ஆகவே இந்த வழிகாட்டி புதிதாக எதையும் வாங்கச் சொல்வதற்கு முன், ஏற்கெனவே பிறந்துகொண்டிருக்கும் பேஸ் வழியில் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிப்பதிலிருந்து தொடங்குகிறது.

முதலில் அளவெடுங்கள்

ஒரு குறிப்பேடு, கைபேசியில் ஒலி அலைவரிசைகளைக் காட்டும் இலவசச் செயலி ஒன்று, 30, 40, 50, 63, 80 ஹெர்ட்ஸ் சோதனை ஒலிகள் அடங்கிய பென்டிரைவ் ஆகியவை போதும். கைபேசியின் மைக் தாழ்ந்த ஒலிகளை உள்ளதைவிடக் குறைத்தே காட்டும் என்பதால் அது காட்டும் எண்ணை உண்மையான அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒரே கைபேசியை ஒரே இடத்தில் வைத்து எடுத்த இரண்டு அளவுகளுக்கு இடையிலான வேறுபாட்டை நம்பலாம், நமக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

கண்ணாடிகளை முழுதும் ஏற்றி, ஏசி விசிறியை நிறுத்தி, ஓட்டுநரின் காது இருக்கும் உயரத்தில் தலைசாய்ப்பானோடு சேர்த்துக் கைபேசியைக் கட்டிவிடுங்கள். எல்லாச் சோதனையிலும் வால்யூம் ஒரே எண்ணில் இருக்கட்டும். முன்கதவு ஸ்பீக்கர்களை நிறுத்தி, சப்வூஃபரை மட்டும் ஒலிக்கவிட்டு ஐந்து ஒலிகளுக்கும் அளவை எழுதுங்கள். பிறகு நான்கு மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு முறையும் திரும்ப எழுதுங்கள்: டிக்கி மூடியைத் திறந்துவைத்து ஒரு முறை, பின்னிருக்கைச் சாய்மானத்தை மடக்கி, மடங்காத வகையாக இருந்தால் கழற்றிவைத்து, ஒரு முறை, பெட்டியின் கோன் (ஸ்பீக்கரில் அசைந்து ஒலி எழுப்பும் கூம்பு முகம்) எதிர்த்திசையைப் பார்க்கும்படி திருப்பி ஒரு முறை, முன்கண்ணாடி ஒன்றை நான்கு விரல் அளவு இறக்கி ஒரு முறை.

இந்த ஒரு பக்கக் குறிப்பு பாதி நோயைக் காட்டிக்கொடுக்கும். சாய்மானத்தை எடுத்ததும் எல்லா ஒலிகளும் சேர்ந்து உயர்ந்தால் டிக்கிக்கும் கேபினுக்கும் இடையிலான வழி அடைபட்டிருக்கிறது. ஏதாவது ஒரே ஒரு ஒலி, பெரும்பாலும் 63 அல்லது 80 ஹெர்ட்ஸ், மற்றவற்றைவிடப் படுகுழியாக இறங்கியிருந்து பெட்டியைத் திருப்பியதும் சரியானால் அது அலைகள் மோதி அழிவதன் அடையாளம். கண்ணாடியை இறக்கியதும் 30, 40 ஹெர்ட்ஸ் குறைவது இயல்பு. மூடிய கேபினின் சிறிய கொள்ளளவு மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தானே உயர்த்திக் கொடுக்கிறது, கண்ணாடி இறங்கியதும் அந்த அழுத்தம் வெளியே போய்விடுகிறது. கண்ணாடியை இறக்கியும் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் காரில் ஏற்கெனவே எங்கோ பெரிய கசிவு இருக்கிறது என்று பொருள்.

பிளஸ், மைனஸ் சரிதானா?

காசு செலவில்லாத இந்தச் சோதனையைக் கடைக்காரர்கள்கூடத் தவிர்த்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு சப்வூஃபர்கள் இருந்து ஒன்றின் வயர் மாறியிருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். பேஸ் ஏறக்குறைய முழுதும் அழிந்துவிடும். கோனை ஆட்டும் கம்பிச்சுருள் இரண்டு கொண்ட ஒற்றை சப்வூஃபரில் ஒரு சுருளின் இணைப்பு மாறினாலும் இதே கதிதான். ஆம்ப்ளிஃபையரிலிருந்து வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸோடும் மைனஸ்ஸை மைனஸோடும் ஒரு கணம் தொட்டால் கோன் வெளிப்பக்கம் நகர வேண்டும். இரட்டைச் சுருளாக இருந்தால் அவற்றைத் தனித்தனியே பிரித்து ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். 4 ஓம் சுருள்கள் இரண்டு பக்க இணைப்பில் 2 ஓமாகவும் தொடர் இணைப்பில் 8 ஓமாகவும் ஆகும் என்பதையும், உங்கள் ஆம்ப்ளிஃபையர் எதைத் தாங்கும் என்பதையும் இந்த நேரத்திலேயே ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

பெட்டியிலிருந்தே கசிந்தால்

கோனின் முன்பக்கம் தள்ளும் அலையும் பின்பக்கம் எழும் அலையும் நேர் எதிரானவை. பின்அலையைச் சிறைப்படுத்துவதற்காகவே பெட்டி இருக்கிறது; அதில் ஓட்டை இருந்தால் சிறைப்பட்டது வெளியே வந்து முன்அலையை விழுங்கும். மூடிய பெட்டியாக இருந்தால், கோனின் நடுவை இரு கட்டைவிரல்களாலும் சமமாக மெல்ல அழுத்தி விடுங்கள். நிதானமாகத் திரும்பினால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது, சட்டென்று திரும்பினால் கசிகிறது. பிறகு 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மூலைகளிலும் வயர் முனையிலும் ஸ்பீக்கர் விளிம்பிலும் எரியும் ஊதுபத்தியைக் காட்டினால் புகை துடிக்கும் இடம் தெரிந்துவிடும்.

மூலைகளை உள்ளிருந்து சிலிக்கான் பசையால் அடைக்கலாம். ஆனால் புளிப்பு வாடை வீசும் வகைச் சிலிக்கான் உலரும்போது வரும் ஆவி ஸ்பீக்கரின் விளிம்பையும் ஒட்டுகளையும் கெடுக்கக்கூடும் என்பதால், ஒரு நாள் முழுதும் திறந்துவைத்து உலர்ந்த பிறகே ஸ்பீக்கரைப் பொருத்த வேண்டும்.

புதிதாகப் பெட்டி செய்யும் எண்ணம் இருந்தால் மரத்தைப் பற்றி ஒரு சொல். பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த மரம் தாராளமாகக் கிடைக்கும் நம் பகுதியில், “பர்மாத் தேக்குப் பலகை சும்மா கெடக்கு, காசு கொடுத்து பிளைவுட் எதுக்குண்ணே?” என்று ஆசாரி கேட்பது நியாயமாகவே படும். கதவுக்கும் உத்தரத்துக்கும் தேக்கை மிஞ்சியது இல்லைதான். ஆனால் கெட்டி மரப் பலகை ஈரத்துக்கு விரிந்தும் வெயிலுக்குச் சுருங்கியும் இழைக்குக் குறுக்குவாக்கில் அசையும், பலகையும் பலகையும் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி விழும், அங்கே காற்று கசியும். அடுக்கடுக்காக இழை மாற்றி ஒட்டிய, நீரைத் தாங்கும் தரமுள்ள 18 மில்லிமீட்டர் பிளைவுட்டே இதற்கு ஏற்றது. அதே கனத்தில், மர இழைகளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையும் ஒலிக்கு நன்றாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிக்கியில் ஈரம் தங்கினால் அது ஊதிப்போகும் என்பதே என் தயக்கம்.

கொள்ளளவை ஸ்பீக்கரோடு வரும் தாளில் சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, மூடிய பெட்டியில் 28 லிட்டர் கேட்கும் 12 அங்குல சப்வூஃபருக்கு உள்ளளவு 50 சென்டிமீட்டர் நீளம், 32 உயரம், 20 ஆழம் வைத்தால் 32 லிட்டர் வரும். ஸ்பீக்கரின் உடலும் உள்ளே வைக்கும் தாங்குகட்டைகளும் பிடிக்கும் மூன்று, நான்கு லிட்டரைக் கழித்தால் தேவையான அளவு நிற்கும். பலகையை அறுப்பதற்கு முன் ஸ்பீக்கரின் பின்புற ஆழம் 20 சென்டிமீட்டருக்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பெட்டி எந்தத் திசையைப் பார்க்க வேண்டும்?

இழப்பு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. செலவே இல்லாமல் மீட்க முடிவதும் இங்கேதான்.

பெட்டியைப் பின்னிருக்கையை ஒட்டி வைத்து, கோன் கேபினைப் பார்க்கும்படி திருப்பியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பேஸ் ஒரு பக்கமாக மட்டும் போவதில்லை. பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னோக்கியும் பரவுகிறது. அது டிக்கியின் வால்பகுதித் தகட்டில் மோதித் திரும்பி வருகிறது. கோனிலிருந்து வால்பகுதி 1 மீட்டர் தொலைவில் இருந்தால், திரும்பிய அலை கூடுதலாக 2 மீட்டர் பயணம் செய்திருக்கும். அலைநீளத்தில் சரிபாதி 2 மீட்டராக இருக்கும் ஒலிக்கு, நேராகச் சென்ற அலையும் திரும்பி வந்த அலையும் எதிரெதிராகி அழிந்துகொள்ளும். 350-ஐ 4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 87 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரும் டிரம்மின் உதையும் குடியிருக்கும் இடம் அதுவே. டிக்கியின் நீளத்தையும் பொருள்களையும் பொறுத்து இந்தக் குழி 70 ஹெர்ட்ஸ் அளவுக்கும் இறங்கலாம்.

இப்போது அதே பெட்டியைப் பின்னுக்கு நகர்த்தி, கோன் வால்பகுதியைப் பார்க்கும்படி 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். கூடுதல் பயணம் அரை மீட்டர்தான். அழிவு நேரும் ஒலி 350 ஹெர்ட்ஸ் அளவுக்கு உயர்ந்துவிடும். சப்வூஃபர் அந்த உயரத்தில் ஒலிப்பதே இல்லை என்பதால் குழி நம் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. நேர் அலையும் திரும்பும் அலையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு முன்னே வருகின்றன. பேஸ் முன்னே வர வேண்டுமானால் கோன் பின்னே பார்க்க வேண்டும் என்பது கேட்பவருக்குத் தலைகீழாகத் தோன்றும். குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் நானும் நம்பினேன்.

எனினும் பின்னோக்கி வைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: டிக்கிக் காற்றும் கேபின் காற்றும் தாராளமாகக் கலக்க வழி வேண்டும். சாய்மானத்தைக் கழற்றிப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். பஞ்சும் துணியும் மட்டும் இருந்தால் பேஸ் அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. தகடு இருந்தால் அதில் நிறுவனமே விட்டிருக்கும் துளைகளை எந்தக் கம்பளமும் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுக்கைத்தாங்கிக்குப் பின்னே திறப்பு இருந்தால் அதன் அடைப்பை எடுத்துவிடுங்கள். காரின் வலிமைக்கான தகட்டை வெட்டிப் புதுத் திறப்பு போட ஒருபோதும் முனைய வேண்டாம்.

பார்சல் ட்ரேயில், அதாவது பின்னிருக்கைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையிலான தட்டில், பதித்திருக்கும் நீள்வட்ட ஸ்பீக்கர்கள் தனித் தொல்லை. டிக்கியில் எழும் அழுத்தம் அவற்றின் கோன்களைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைக்கும். பாட்டு குழறும், பேஸின் ஒரு பங்கும் அந்த ஆட்டத்தில் வீணாகும். அவற்றைக் கழற்றிவிட்டு மேலே வலைமூடியை மட்டும் வைத்தால் டிக்கிக்கும் கேபினுக்கும் இடையே இரண்டு நல்ல சாளரங்கள் கிடைத்துவிடும். அவை வேண்டும் என்பவர்கள் ஒவ்வொன்றின் பின்புறத்தையும் தனித்தனிக் கூட்டுக்குள் அடைத்துவிட வேண்டும்.

தகடு முழுதும் அடைத்து, நடுவில் ஒரு திறப்பு மட்டும் இருக்கும் கார்களுக்கு இரண்டாவது வழி பொருந்தும். பெட்டியின் முகத்தை அந்தத் திறப்போடு சேர்த்து அழுத்தி வைத்து, கோன் நேராகக் கேபினுக்குள் ஒலிக்கும்படி செய்து, பெட்டிக்கும் தகட்டுக்கும் இடையிலான இடைவெளியை அடர்த்தியான ஃபோம் பட்டைகளால் சுற்றிலும் அடைத்துவிடுவது அந்த வழி. அப்போது டிக்கிக்குள் ஒலியே போகாததால் மேற்சொன்ன எதிரொலி அழிவும் இல்லை, டிக்கி மூடியின் அதிர்வும் பெருமளவு குறையும். இந்த வழியில் ஃபோம் அடைப்பு முழுமையாக இருக்க வேண்டும். பாதி அடைத்து பாதி விட்டால் இரண்டு வழிகளின் தீமைகளும் சேர்ந்து வரும். பெட்டியே இல்லாமல் பார்சல் ட்ரேயில் நேரடியாகச் சப்வூஃபர் பதித்திருப்பவர்களுக்கோ இந்த அடைப்பு உயிர்நாடி. அங்கே பின்அலையை அடக்கிவைக்கும் பெட்டி டிக்கிதான்.

நிறுவிய இடம் உறுதியானதும் பெட்டியை எல் வடிவப் பட்டைகளால் தரையோடு இறுக்குங்கள். அசையும் பெட்டி ஆற்றலை வீணாக்கும் என்பது ஒருபுறம். 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்று திடீர் பிரேக்கில் முன்னே பாய்ந்தால் என்ன ஆகும் என்பது மறுபுறம். துளையிடும் முன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்து, எரிபொருள் தொட்டியும் பிரேக் குழாய்களும் எங்கே ஓடுகின்றன என்று உறுதிசெய்ய வேண்டும். டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருக்கும் காராக இருந்தால் துளையே வேண்டாம். இருக்கும் கொக்கிகளில் பட்டைவார் கொண்டு கட்டுங்கள்.

வெளியே ஓடும் பேஸ்

தவில் ஒலியைத் தெருவுக்கு விடாமல் வளவுக்குள் நிறைக்கும் நம் வீட்டுச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கனத்து நிற்பவை. டிக்கியின் தகடோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இரவில் டிக்கிக்குள் வெளிச்சமான டார்ச் ஒன்றை எரியவைத்து மூடிவிட்டு, காரைச் சுற்றி நடந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் காற்றும் கசியும். பிறகு மூடியின் ரப்பர் பீடிங் மீது காகிதத் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாகப் பிடிக்காமல் வழுக்கி வரும் இடத்தில் ரப்பர் தட்டையாகிவிட்டது என்று பொருள். நம் வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்ற கார்களில் இது சாதாரணம். புதிய பீடிங் மாற்றுவது பெரிய செலவில்லை. மூடியின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் முட்டுகளைத் திருகி உயரம் சரிசெய்வதும், பூட்டுக் கொக்கியைச் சற்று இறக்குவதும் இறுக்கத்தைக் கூட்டும்.

இரண்டு திறப்புகளை மட்டும் அடைக்கக் கூடாது. பின்பம்பருக்கு உள்ளே, டிக்கியின் பக்கவாட்டில், மடல்கள் கொண்ட காற்றுப்போக்கி இருக்கும். கதவைச் சாத்தும்போதும் ஏசி ஓடும்போதும் உள்ளிருக்கும் காற்று அதன் வழியாகவே வெளியேறுகிறது. அடைத்துவிட்டால் கதவு சாத்தச் சிரமப்படும், கண்ணாடியில் பனி படியும். மடல்கள் படபடத்தால் ஓரத்தில் மெல்லிய ஃபோம் ஒட்டினால் போதும். மற்றொன்று, டிக்கியின் அடித்தளத்திலும் மூடியின் கீழ் விளிம்பிலும் இருக்கும் நீர்வடிகால் துளைகள். இவற்றை அடைத்த காருக்கு அடுத்த ஐப்பசியிலேயே துரு பிடிக்கும்.

அதிரும் தகடு

தகடு அதிர்ந்தால் அது ஒரு ஸ்பீக்கரைப்போல் வெளிப்பக்கம் ஒலிக்கத் தொடங்குகிறது; உள்ளே சேர வேண்டிய ஆற்றல் தெருவுக்குப் போகிறது, கூடவே கடகடப்பும் எழுகிறது. 40 ஹெர்ட்ஸிலிருந்து 80 வரை ஒலியை மெல்ல உயர்த்திக்கொண்டே, மற்றொருவர் வெளியில் நின்று ஒவ்வொரு தகட்டையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கட்டும். அழுத்தியதும் சத்தம் அடங்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட், பூட்டுக் கம்பி, மூடியைத் தூக்கும் வில்கம்பிகள், ஜாக்கி, ஸ்பேனர், வயர்க் கற்றை ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். நம்பர் பிளேட்டுக்குப் பின்னே ஃபோம் பட்டையும் மற்றவற்றுக்குத் துணி டேப்பும் போதும்.

தகட்டுக்கு அலுமினியத் தாள் மேலே ஒட்டிய 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட் வாங்குங்கள். மலிவு என்று தார் ஷீட் ஒட்டிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் ஒருவர் ஒட்டிக்கொடுத்தார். சித்திரை வெயிலில் வெட்டவெளியில் நின்ற காரில் அது இளகி வழிந்து, பல மாதங்கள் டிக்கி முழுதும் தார் போட்ட சாலையின் வாடை வீசியது. ஒட்டும் முன் தகட்டை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, உருளையால் அலுமினியத்தின் புடைப்புகள் தட்டையாகும்வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். பரந்த தகட்டின் நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை மூடினாலே அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும். முழுப் பரப்பையும் மூடுவது பெருமளவு காசைத்தான் கரைக்கும். மூடியின் உட்புறத்தில் அளவோடு நிறுத்துங்கள், எடை கூடினால் திறந்த மூடி நிற்காமல் தலையில் விழும்.

முன் ஸ்பீக்கர்களோடு இசைவு

இதுவரை சப்வூஃபரை மட்டும் கேட்டோம். இனி முன்கதவு ஸ்பீக்கர்களையும் சேர்த்து ஒலிக்கவிட்டதும் பேஸ் குறைந்தால் வியக்க வேண்டாம். இரண்டும் ஒரே 80 ஹெர்ட்ஸைத் தரும்போது ஒன்றின் அலை மற்றதற்கு எதிராகக் காதை வந்தடைந்தால் அங்கேயும் அழிவுதான்.

தாழ்ந்த ஒலிகளை மட்டும் விடும் சப்வூஃபரின் லோ பாஸ் வடிகட்டியை 80 ஹெர்ட்ஸிலும், உயர்ந்த ஒலிகளை மட்டும் விடும் கதவு ஸ்பீக்கர்களின் ஹை பாஸ் வடிகட்டியை அதே 80 ஹெர்ட்ஸிலும் வைத்து, இரண்டிலும் சரிவைச் சமமாக வையுங்கள்; இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் பரப்பு சுருங்கும். வேண்டுமென்றே கணக்கிட்டுத் துளை வைத்த பெட்டியாக இருந்தால், துளை இசைக்கப்பட்ட அலைவரிசைக்குச் சற்றுக் கீழே, மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் சப்சானிக் வடிகட்டியையும் வைக்க வேண்டும். அதற்குக் கீழே கோனைத் தாங்கும் காற்றழுத்தம் இல்லாததால் அது கட்டுமீறி ஆடும், ஒலியும் வராது.

பிறகு 80 ஹெர்ட்ஸ் ஒலியை இரண்டிலும் ஓடவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, சப்வூஃபரின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை 0-க்கும் 180-க்கும் மாற்றுங்கள். எதில் ஒலி பெரிதாகக் கேட்கிறதோ அதுவே சரி. காரின் மியூசிக் செட்டில் நேரத் தாமதம் வைக்கும் வசதி இருந்தால் இன்னும் நுணுக்கமாகச் சீராக்கலாம். காதிலிருந்து கதவு ஸ்பீக்கர் 1 மீட்டரிலும் சப்வூஃபர் 2.2 மீட்டரிலும் இருந்தால் வேறுபாடு 1.2 மீட்டர்; ஒலி அதைக் கடக்க ஏறத்தாழ 3.4 மில்லிநொடி ஆகும். கதவு ஸ்பீக்கரை அந்த அளவு தாமதப்படுத்தித் தொடங்கி, அரை அரை மில்லிநொடியாகக் கூட்டியும் குறைத்தும் கைபேசி அளவு உச்சம் தொடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வடிகட்டிகளே தம் பங்குக்குத் தாமதம் சேர்ப்பதால் நாடாவால் அளந்த கணக்கு தொடக்கப்புள்ளி மட்டுமே.

கெயின், வயர்

செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்தும் கெயின் திருகை வால்யூம் திருகாக நினைப்பதே பல சப்வூஃபர்களின் சாவுக்குக் காரணம். ஸ்பீக்கர் தாங்கும் தொடர் வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஆம்ப்ளிஃபையர் தர வேண்டிய வோல்ட் கிடைக்கும்: 300 வாட், 4 ஓம் என்றால் 34.6 வோல்ட். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்தில் வைத்து, செட்டின் வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்தி, 50 ஹெர்ட்ஸ் ஒலியில் மல்டிமீட்டரின் ஏசி அளவைப் பார்த்துக் கெயினை நிறுத்துங்கள். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விலை குறைந்த மீட்டரும் அந்த அலைவரிசையில் ஓரளவு சரியாகக் காட்டும்.

500 வாட் தரும் டி வகை ஆம்ப்ளிஃபையர் உச்சத்தில் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 45 ஆம்பியர் இழுக்கும். அதை 5 மீட்டர் நீளமுள்ள 8 கேஜ் செம்பு வயர் சுமந்தால் ஏறக்குறைய அரை வோல்ட் வழியிலேயே போகும். 4 கேஜ் என்றால் 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். செம்பு பூசிய அலுமினிய வயரில் இழப்பு இன்னும் கூடுதல். வெட்டிய முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவதை வைத்து அதை அடையாளம் காணலாம். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய தகட்டில், முடிந்த அளவு குறுகிய நீளத்தில் இறுக்குங்கள்.

வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். செம்புச் சுருள் ஒவ்வொரு டிகிரி சூடேறும்போதும் அதன் மின்தடை ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடும். 100 டிகிரி ஏறினால் 39 விழுக்காடு. வெயிலில் நின்ற காரில் ஏறியவுடன் பாட்டை அலறவிட்டால் அரை மணியில் பேஸ் மெலிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆம்ப்ளிஃபையரைக் கம்பளத்துக்கு அடியில் புதைக்காமல் காற்றுபடும் இடத்தில் வையுங்கள்.

சாலையில் கடைசிச் சோதனை

பழைய குறிப்பேட்டுப் பக்கத்தின் எதிர்ப்பக்கத்தில் அதே ஐந்து ஒலிகளையும் அதே வால்யூமில் மறுபடி எழுதி ஒப்பிட்ட பிறகு, காரைக்குடியிலிருந்து திருமயம் நோக்கி நெடுஞ்சாலையில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். டயர் இரைச்சலும் காற்றிரைச்சலும் தாழ்ந்த ஒலிகளையே முதலில் மறைக்கின்றன என்பதால், நின்ற காரில் சரியாக இருந்த பேஸ் ஓடும்போது குறைவாகத் தோன்றும். சப்வூஃபர் அளவை 2 அல்லது 3 டெசிபெல் கூட்டிய இரண்டாவது அமைப்பு ஒன்றைச் செட்டில் சேமித்துக்கொண்டு, காரைக்குடியின் கல்லுக்கட்டிப் பகுதி நெரிசலுக்குள் திரும்பியதும் முதல் அமைப்புக்கு மாறிவிடலாம். ஒரு மாதம் ஓடிய பிறகு ஸ்பீக்கரின் திருகுகளையும் எல் பட்டைகளின் போல்ட்டுகளையும் ஒரு சுற்று இறுக்குங்கள். அதிர்வில் முதலில் தளர்பவை அவைதான்.